பல்லும் காலும்: ஃபிக்ஸட் கியர் வித்தைக்கு உரிய பல் எண்ணிக்கை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் வித்தை செய்ய விரும்பும் ஒருவர் இரண்டு எண்களை முடிவு செய்தாக வேண்டும். பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்? பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் சின்ன பல்சக்கரத்துக்கு எத்தனை பல்? இரண்டு எண், ஒரு வகுத்தல். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆயினும் இந்த வகுத்தலின் பொருட்டு நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், முழங்கால்கள் தேய்ந்திருக்கின்றன, நல்ல டயர்கள் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்து அகால மரணம் அடைந்திருக்கின்றன. பல்லை எண்ணுவோர் அனைவரும் உண்மையில் காலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதை நிறுவுவதற்குத் தேவையான அளவும், தேவைக்குச் சற்று மேலாகவும் கணக்குகள் உள்ளே தரப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பல், கால், செயின், பொது வகுத்தி, முழங்கால் வலி.

1. ஆய்வின் தேவை

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவது நம் மரபு. தானமாக வந்த மாட்டுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவிலும் டோக்கியோவிலும் சைக்கிளைப் பல் எண்ணி வாங்கும் இளைஞர் கூட்டம் ஒன்று தோன்றியபோது, அவர்கள் இந்த விலக்கையும் ஏற்கவில்லை. இனாமாக வந்த பல்சக்கரத்தையும் எண்ணிவிட்டுத்தான் மாட்டுவார்கள். இத்தகைய கறார் மனிதர்களின் நடைமுறைக்கு ஓர் இலக்கணம் எழுதப்படாமல் இருப்பது அறிவுலகின் மேல் விழுந்த பழி. அப்பழியைத் துடைக்கவே இம்முயற்சி.

2. வரையறையும் எல்லையும்

நாம் ஓட்டிப் பழகிய சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் என்னும் கருணை குடிகொண்டிருக்கிறது. இறக்கத்தில் காலை நிறுத்தினால் வண்டி டிக்டிக்கென்று சத்தமிட்டபடி தானே ஓடும். பெடலைப் பின்னுக்குச் சுற்றினாலும் கோபித்துக்கொள்ளாது. ஃபிக்ஸட் கியரில் அந்தக் கருணை பிடுங்கப்பட்டுவிட்டது. சின்ன பல்சக்கரம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு இறுக்கப்பட்டிருப்பதால், சக்கரம் சுற்றும் வரை பெடல் சுற்றும்; பெடல் சுற்றும் வரை கால் சுற்றும். பின்னுக்கு மிதித்தால் வண்டி பின்னுக்குப் போகும். இறக்கத்தில் களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கொடுமையிலிருந்து பிறந்த வித்தைகள் பல. அவற்றுள் இவ்வாய்வுக்கு வேண்டியவை ஐந்து. ஓடும்போது இரு காலையும் இறுக்கிப் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போவது ஸ்கிட். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் விரலளவு அசைந்தபடி கால் ஊன்றாமல் நிற்பது ட்ராக்ஸ்டாண்ட். காற்றில் இருக்கும்போது ஹேண்டில்பாரை ஒரு முழுச் சுற்று வீசிவிட்டு மறுபடி பிடிப்பது பார்ஸ்பின். எழும்பி, வண்டியோடு பாதிச் சுற்றுத் திரும்பி, பின்பக்கமாக இறங்குவது 180. இறங்கியபின் பின்னோக்கியே ஓடுவது ஃபேக்கி.

வெலோட்ரோம் என்னும் பந்தயத் தடத்தில் ஓடும் பந்தயக்காரர்களும் நகரத்துக் கூரியர்காரர்களும் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். முன்னோர் என்ற முறையில் அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

3. முன்னோர்

1870-களில் இங்கிலாந்தில் ஓடிய உயர்சக்கர சைக்கிளில் செயினும் இல்லை, பல்லும் இல்லை. பெடல் நேராக முன்சக்கர அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே அன்றைய சைக்கிள் ஒவ்வொன்றும் ஃபிக்ஸட் கியர்தான். ஒரு மிதிச்சுற்றுக்கு ஒரு சக்கரச்சுற்று என்பதால், வேகம் வேண்டியவர் சக்கரத்தைப் பெரிதாக்கினார். எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதைக் கணக்கு முடிவு செய்யவில்லை. காலின் நீளம் முடிவு செய்தது. பெடலைக் கால் எட்டும் வரை பெரிதாக்கலாம். சாதாரண உயரம் உள்ளவருக்கு அது 50 அங்குலத்திலிருந்து 56 அங்குலம் வரை வந்தது. இந்த எண்களை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 7-ஆம் இயலில் இவை திரும்ப வந்து அனைவரையும் திடுக்கிட வைக்கும்.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். பின்சக்கரத்தைச் செயின் இழுத்தது. பல் என்னும் பொருள் சைக்கிள் உலகத்தில் வேரூன்றியது. கருத்து வேறுபாடும் உடன் வந்தது. மூன்றே ஆண்டில், 1888-இல், நிக் காஃப்மன் என்ற அமெரிக்கர் சைக்கிள் வித்தையில் உலக வீரர் என்று கொண்டாடப்பட்டார். அவர் வழியில் வந்த கலை சைக்கிளோட்டம் இன்றும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ளரங்கில் நடக்கிறது. அதற்கு உலகப் போட்டியும் உண்டு. ஐந்து நிமிட ஆட்டத்தில் சேணத்தின் மேலும் ஹேண்டில்பாரின் மேலும் ஏறி நிற்பார்கள். வண்டி ஃபிக்ஸட், பல் விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. தெருவில் வித்தை செய்யும் இளைஞர்கள் தாங்களே இக்கலையைத் தொடங்கிவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஜெர்மனியில் காலுறை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் ஹேண்டில்பாரில் நின்று பின்னோக்கி வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள்.

1900-ஐ ஒட்டி ஃப்ரீவீல் பரவியது. மனிதகுலம் இறக்கத்தில் ஓய்வெடுக்கக் கற்றது. ஓய்வை விரும்பாதோர் வெலோட்ரோமுக்குள் ஒதுங்கினர். 1972-இல் மெக்சிகோ நகரில் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியபோது அவர் வண்டியில் இருந்தவை 52 பல்லும் 14 பல்லும். ஜப்பானில் 1948-இல் கொகுரா நகரில் தொடங்கிய கெய்ரின் பந்தயமும் ஃபிக்ஸட் கியரில்தான், பிரேக் இல்லாமல், நடந்துவருகிறது. அந்தப் பந்தய சைக்கிள்களின் சட்டங்கள் (ஃபிரேம்கள்) கைமாறி அமெரிக்க நகரங்களின் தெருவுக்கு வந்து சேர்ந்தன. சான்ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் அவற்றை ஓட்டியவர்களைப் படம்பிடித்து 2007-இல் 'மாஷ்' என்ற படம் வந்தது. 2011-இல் அதே நகரத்தின் ஒரு சதுக்கத்தில் சரிவுமேடைகள் கட்டி 'ரெட் புல் ரைடு + ஸ்டைல்' என்று போட்டியே வைத்தார்கள். இந்த நான்கு ஆண்டு இடைவெளியில் பெரிய பல்சக்கரம் மளமளவென்று சிறுத்தது. அது ஏன் சிறுத்தது என்பதே நம் விசாரணை.

4. அளவைகள் மூன்று

பல்லை அளக்கும் முறைகள் மூன்று உண்டு. மூன்றுக்கும் பின்னால் மூன்று மனோபாவங்கள்.

முதலாவது ஆங்கில முறை. பெரிய பல்லைச் சின்ன பல்லால் வகுத்து, வரும் விகிதத்தைப் பின்சக்கர விட்டத்தால் பெருக்கி, விடையை அங்குலத்தில் சொல்வார்கள். 48-ஐ 16-ஆல் வகுத்தால் 3; அதை 27 அங்குலச் சக்கரத்தால் பெருக்கினால் 81. இதன் பொருள், இந்த வண்டி 81 அங்குல விட்டமுள்ள உயர்சக்கர சைக்கிளுக்குச் சமம். அந்தச் சைக்கிளில் ஏற ஏணி வேண்டும். உயர்சக்கரம் மறைந்து நூற்றாண்டு கடந்தும், அதன் ஆவியைச் சாட்சிக்கு அழைத்துத்தான் ஆங்கிலேயர் பல்லை அளக்கிறார்கள்.

இரண்டாவது பிரெஞ்சு முறை. ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்று நேரே கேட்கிறது. சக்கரத்தின் சுற்றளவை விகிதத்தால் பெருக்கினால் போதும். பந்தய வண்டிகளின் 700சி சக்கரத்தில் மெல்லிய டயர் போட்டால் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், 48/16 வண்டி ஒரு மிதிக்கு 6.3 மீட்டர் ஓடும்.

மூன்றாவது ஷெல்டன் பிரவுன் முறை. மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் இருந்துகொண்டு, உலகத்தின் சைக்கிள் சந்தேகங்களுக்கெல்லாம் எழுதி எழுதி விடை சொன்ன இவர் 2008-இல் மறைந்தார். பல்லையும் சக்கரத்தையும் கணக்கில் எடுத்தவர்கள் பெடல் பொருத்தப்பட்ட தண்டான கிராங்கின் நீளத்தை மறந்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். சக்கரத்தின் ஆரத்தைக் கிராங்க் நீளத்தால் வகுத்து, பல் விகிதத்தால் பெருக்க வேண்டும். விடை ஒரு வெறும் எண்: கால் ஓர் அடி நகர்ந்தால் வண்டி எத்தனை அடி நகர்கிறது என்பது.

இம்மூன்றாம் முறையே நம் கருதுகோளுக்குக் கிடைத்த முதற்சான்று. பிரேக் இல்லாத வண்டியில் இந்த எண்தான் உயிர். 165 மி.மீ. கிராங்க் உள்ள 48/16 பந்தய வண்டியில் அது 6.1. 26 அங்குலச் சக்கரம், 170 மி.மீ. கிராங்க், 28/13 பல் என்றிருக்கும் வித்தை வண்டியில் 4.2. பின்னங்காலால் 40 கிலோ எடையளவு தடுத்தால் முதல் வண்டியின் டயரில் ஆறரைக் கிலோ அளவு தடை விழும். இரண்டாவதில் ஒன்பதரைக் கிலோ. அதே கால், அதே அழுத்தம். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டும் வீலி வித்தையிலும் இதே எண்தான் பேசும். முன்னுக்கு அழுத்தினால் மூக்கு எழும்; பின்னுக்குத் தடுத்தால் மூக்கு தாழும். எண் சிறியதாக இருந்தால் இரண்டும் காலுக்கு எளிதாக அகப்படும்.

5. ஸ்கிட் தடங்களும் பொது வகுத்தியும்

இவ்வியல் கணிதத்துறைக்கு உரியது. கணிதத்தில் அச்சமுள்ளோர் டயர் விலையை நினைத்துக்கொண்டு படிக்கவும்.

ஸ்கிட் அடிக்கும்போது இரு பெடலும் தரைக்கு இணையாக, பழகிய கால் முன்னே இருக்க, பூட்டப்படும். அந்நேரத்தில் பின்சக்கரத்தின் எந்த இடம் தரையில் இருக்கிறதோ, அந்த இடம் தேயும். அடுத்த ஸ்கிட்டிலும் பெடல் அதே நிலைக்குத்தான் வர வேண்டும். ஆகவே டயரில் தேயக்கூடிய இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எத்தனை இடங்கள்? பெரிய பல்லையும் சின்ன பல்லையும் பின்னமாக எழுதி, பொது வகுத்தியை நீக்கிச் சுருக்க வேண்டும். கீழே எஞ்சும் எண்ணே விடை.

48/16-ஐச் சுருக்கினால் 3/1. விடை ஒன்று. பார்க்க அழகான முழு எண். இருக்கிற பல் விகிதங்களிலேயே மிகக் கொடியது. ஒவ்வொரு ஸ்கிட்டும் டயரின் ஒரே இடத்தில் விழும். டயரின் மீதிப் பாகம் புதுமணம் மாறாதிருக்க, அந்த ஓர் இடத்தில் நூல் தெரியும்; பிறகு டியூப் தெரியும்; பிறகு ரிம் தெரியும். 44/16-க்கு நான்கு இடங்கள். 46/16-க்கு எட்டு. சின்ன பல்லில் ஒன்றே ஒன்று கூட்டி 48/17 என்று வைத்தால் பதினேழு. ஒரு பல் செய்யும் நன்மை இது.

17-உம் 13-உம் பகா எண்கள். அவற்றைச் சின்ன பல்லாக வைத்துக்கொண்டவருக்கு, பெரிய பல் அவற்றின் மடங்காக இல்லாத வரை டயர்ப் பயம் இல்லை. மடங்காகிவிட்டால் கதை வேறு. 39/13 என்று பெருமையாக மாட்டியவர் டயர்க்கடைக்காரரின் குடும்ப நண்பராவார்.

இனி, கால். மேற்சொன்ன கணக்கெல்லாம் எப்போதும் ஒரே காலை முன்வைத்து ஸ்கிட் அடிப்பவருக்கு. இடக்கால் முன்னாலும் வலக்கால் முன்னாலும் அடிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு விதி உண்டு. சுருக்கிய பின்னத்தின் மேலெண் ஒற்றைப்படையாக இருந்தால் இடங்கள் இரட்டிக்கும். இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பயனும் இல்லை. 28/13-க்குப் பதின்மூன்று இடங்கள், எந்தக் காலை வைத்தாலும் பதின்மூன்றுதான். 27/13 என்று ஒரு பல் குறைத்தால், இருகால் வீரருக்கு இருபத்தாறு. 26 அங்குல டயரின் சுற்றளவில் 16 செ.மீ.க்கு ஒரு தடம் என்பது 8 செ.மீ.க்கு ஒரு தடமாகிறது.

பெறப்படும் உண்மை: எத்தனை காலில் ஸ்கிட் அடிப்பீர் என்று கேட்காமல் ஒருவருக்குப் பல் பரிந்துரைக்கும் கடைக்காரர், நாடி பார்க்காமல் மருந்து கொடுத்தவர் ஆவார்.

6. நல்ல கால் வந்து சேரும் தூரம்

ஃப்ரீவீல் வண்டியில் குதிப்பவர் மேடைக்கு முன்னால் மிதிப்பதை நிறுத்தி, பெடலைத் தரைக்கு இணையாக வைத்து, நல்ல காலை முன்னே நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு எழும்பலாம். ஃபிக்ஸட் வண்டியில் பெடல் நிற்காது. மேடையின் விளிம்பு வரும் கணத்தில் நல்ல கால் முன்னால் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கெட்ட காலால் எழும்ப வேண்டும். அல்லது எழும்பாமல் மேடையோடு நெருங்கிப் பழக வேண்டும்.

28/13 வண்டி ஒரு முழு மிதிக்கு ஓடும் தூரம் சுமார் 4.45 மீட்டர். அதாவது நல்ல கால் 4.45 மீட்டருக்கு ஒருமுறைதான் முன்னே வருகிறது. 48/16 பந்தய வண்டியில் 6.3 மீட்டருக்கு ஒருமுறை. நகரத்துச் சதுக்கங்களில் படிக்கட்டுக்கும் தூணுக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில், 6.3 மீட்டருக்கு ஒரு வாய்ப்பு என்பது பெரும்பாலும் ஒரே வாய்ப்பு. சிறிய விகிதத்தில் அதே தூரத்துக்குள் நல்ல கால் இன்னொரு முறை வந்துவிட்டுப் போகும். புறப்படும் இடத்தை அரை அடி முன்னும் பின்னும் தள்ளி வைத்துப் பார்ப்பதும், நடுவில் ஒரு சிறு ஸ்கிட் அடித்துக் காலைத் திருத்திக்கொள்வதும் இத்துறையின் அன்றாடக் கடமைகள். பார்ப்பவர் அந்தக் குட்டி ஸ்கிட்டை அலட்டல் என்று நினைப்பார். அது கணக்குத் திருத்தம்.

காற்றில் இருக்கும்போதும் விசாரணை முடிவதில்லை. 20 செ.மீ. உயரம் எழும்பினால் மேலே இருக்கும் நேரம் சுமார் 0.4 நொடி. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அந்நேரத்தில் வண்டி கடக்கும் தூரம் ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெடலைச் சுற்றவிட்டால் மூன்றில் ஒரு பங்குச் சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். நல்ல கால் கீழே போய், உடம்பு ஒருபக்கம் சாய்ந்து இறங்க நேரும். எனவே வீரர்கள் காற்றில் காலை இறுக்கிச் சக்கரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். தரை தொட்டதும் டயர் ஒரு கீச்சொலி எழுப்பிவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கும். அந்தக் கீச்சொலிதான் இக்கலையின் சுருதி.

ஆனால் சிறிய விகிதத்துக்கும் கட்டணம் உண்டு. 180 திரும்பி ஃபேக்கியாக இறங்கியதும் கால் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். 15 கி.மீ. வேகத்தில் 48/16 வண்டி நிமிடத்துக்கு 40 சுற்றுக் கேட்கும். 28/13 வண்டி 56 கேட்கும். முன்னோக்கி 56 சுற்றுவது உலா. பின்னோக்கி, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்த்தபடி, நொடி முன்புவரை காற்றில் இருந்த காலால் 56 சுற்றுவது வேறு விஷயம். வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால் முன்னோக்கியே 112 சுற்று. நீண்ட படிக்கட்டைத் தாண்ட வேகம் தேவைப்படும்போது சிறுபல்லுக்காரரின் கால்கள் கண்ணுக்குத் தெரியாது.

7. பெரும்பல்லார், சிறுபல்லார், 55 என்னும் எண்

மேற்கண்டவற்றால் வித்தைக்காரர் இருபிரிவாகப் பிரிந்தனர் எனக் கொள்க. பந்தயச் சட்டத்தோடு வந்த பெரிய பல்லை விடாதவர்களை இக்கட்டுரை பெரும்பல்லார் என்றும், பல்லைக் குறைத்தவர்களைச் சிறுபல்லார் என்றும் அழைக்கும். தொடக்கத்தில் பெரும்பல்லார் கையே ஓங்கியிருந்தது. ஸ்கிட்டும் ட்ராக்ஸ்டாண்டும் மட்டுமே வித்தையாக இருந்த காலம் அது. குதிக்கவும் திண்ணை விளிம்பில் உரசி வழுக்கவும் ஆரம்பித்ததும் நிலைமை மாறியது.

48 பல் சக்கரத்தின் விட்டம் சுமார் 194 மி.மீ. 28 பல் சக்கரத்தின் விட்டம் சுமார் 113. அடிப்பாகத்தில் மட்டும் நான்கு செ.மீ. வித்தியாசம். பெரிய பல்சக்கரத்தோடு திண்ணையில் ஏறியவர்கள் ஒவ்வொரு முறையும் சில பற்களைக் காணிக்கையாக விட்டுவந்தார்கள். 20 அங்குலச் சக்கர பிஎம்எக்ஸ் உலகம் இந்தப் பாடத்தை முன்பே படித்திருந்தது. அங்கே 44/16 என்பது 36/13 ஆகி, பிறகு 25/9 ஆனது. மூன்றையும் வகுத்துப் பார்த்தால் 2.75, 2.77, 2.78. விகிதம் அசையவில்லை, இரும்பு மட்டும் பாதியாயிற்று. ஃபிக்ஸட் கூட்டமும் அவ்வழியே இறங்கியது. 2010-ஐ ஒட்டி 700சி சக்கரத்தை விட்டு 26 அங்குலத் தடித்த டயருக்கு மாறத் தொடங்கினார்கள். விகிதம் இரண்டேகாலுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

பெரும்பல்லார் சார்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். சக்கரம் சிறுத்தால் செயினின் மேல் இழுவை கூடும். 170 மி.மீ. கிராங்கில் 40 கிலோ அழுத்தினால் 48 பல்லில் செயின் மேல் விழும் இழுவை சுமார் 70 கிலோ. 28 பல்லில் 120. சிறுபல்லார் தடித்த செயின் போடுவது அழகுக்காக அன்று.

இனி, வாக்களித்த திடுக்கிடல். ஆங்கில அளவையை எடுத்துக்கொள்வோம். 25/9 பல் உள்ள பிஎம்எக்ஸ்: 2.78-ஐ 20-ஆல் பெருக்க, 55 அங்குலத்துக்குச் சற்று மேல். 28/13 பல் உள்ள ஃபிக்ஸட் வித்தை வண்டி: 2.15-ஐ 26-ஆல் பெருக்க, 56 அங்குலம். பல்லே இல்லாத உயர்சக்கர சைக்கிள்: 50 முதல் 56 அங்குலம்.

செயின் வந்தது, ஃப்ரீவீல் வந்தது, டூர் டி ஃபிரான்ஸ் 1937-இல் பலகியரையும் அனுமதித்தது. மெர்க்ஸ் தம் பெரிய பல்லோடு நூறு அங்குலத்தைத் தொட்டார். ஆனால் விளையாட வந்தவர்கள் மட்டும் ஆலோசிக்காமல், திட்டமிடாமல், ஒருவரையொருவர் அறியாமல், மறுபடியும் அந்த 55-இன் அருகிலேயே வந்து நின்றார்கள். அந்த எண்ணை முதலில் நிர்ணயித்தது விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் கால் நீளம். ஆகவே பல் விகிதத்தின் மூதாதை கால் என்பது நிறுவப்பட்டது. இது தற்செயல் எனக் கூறுவோர் உண்டு. தற்செயல் என்றால் ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது என்பதால் அக்கருத்து இங்கு ஏற்கப்படவில்லை.

8. துணை உறுப்புகள்

பல் சரியாக அமைந்தும் வண்டி சரியாக அமையாதவர் பலர். அவர்பொருட்டுச் சில விதிகள்.

அ. சின்ன பல்சக்கரம் ஹப்பில் வலஞ்சுழி மரையில் ஏறும். முன்னுக்கு மிதிக்க மிதிக்க இறுகும். பின்னுக்குத் தடுத்தால் கழலப் பார்க்கும். வித்தைக்காரரின் வாழ்க்கையே பின்னுக்குத் தடுப்பதுதான். ஆகவே அதன் மேல் இடஞ்சுழி மரையுள்ள பூட்டு வளையம் ஒன்று ஏறுகிறது. பல்சக்கரம் கழல முயன்றால் வளையம் இன்னும் இறுகும். வளையம் இல்லாத பழைய ரோடு ஹப்பில் பசை தடவிப் பல்சக்கரத்தை ஒட்டி ஓட்டும் வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் தற்கொலை ஹப் என்றே பெயர். மரையையே நம்பாதவர்கள் ஆறு போல்ட்டில் பிடிக்கும் பல்சக்கரத்துக்குப் போனார்கள்.

ஆ. செயின் நடுவில் விரலால் அசைத்தால் அரை அங்குலம் ஆட வேண்டும். தொங்கினால் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டும். அது விரும்பிச் செய்யாத ஸ்கிட். மிக இறுகினால் பேரிங் முனகும்.

இ. பெடலில் அகலப் பட்டை கட்டாயம். பிரேக் என்பது கால். பெடலிலிருந்து கழன்ற கால் என்பது பிரேக் அறுந்த வண்டி. பட்டை, கால் உள்ளே நுழைய எளிதாகவும் தானாக வெளிவர அரிதாகவும் இருக்க வேண்டும். விழும்போது வெளிவர வேண்டும் என்பதும் விதிதான். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பதைப் பட்டை செய்வோர் அறிவர்.

ஈ. பார்ஸ்பின் செய்ய முன்சக்கரம் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பந்தயச் சட்டத்தில் முன்சக்கரம் மிக நெருங்கியிருக்கும். திரும்பும்போது ஷூவின் நுனியில் இடிக்கும், பின்னோக்கித் திரும்பிய ஃபோர்க்கில் டயர் சட்டத்தின் கீழ்க்குழாயில் இடிக்கும். எனவே வித்தைச் சட்டத்தில் முன்புறம் நீளமாக, ஃபோர்க்கின் முன்வளைவு குறைவாக, கழுத்துப் பகுதியில் முட்டுத்தகடு வைத்துப் பற்றவைத்துச் செய்கிறார்கள். இங்கும் காலைக் கவனிக்க. ஃப்ரீவீல் வண்டியில் ஷூ இடித்தால் பெடலைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம். ஃபிக்ஸடில் பெடல் இருக்கும் இடத்தில்தான் கால் இருக்கும்.

உ. ஹேண்டில்பார் சுற்ற வேண்டுமானால் பிரேக் கேபிள் குறுக்கே நிற்கும். கேபிளை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனின் 1983-ஆம் ஆண்டுச் சைக்கிள் விதிகள் ஃபிக்ஸட் வண்டியின் பின்சக்கரத்துக்குத் தனி பிரேக் கேட்பதில்லை. சவாரி செய்பவரின் காலையே அவ்விடத்தில் ஒப்புக்கொள்கின்றன. முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு பிரேக் வேண்டும் என்கின்றன. சட்டமே காலை உதிரிபாகமாக அங்கீகரித்த இடம் இது. முன் பிரேக் இல்லாத வித்தை வண்டி மூடிய இடத்துக்கு உரியது; லாரி வரும் சாலைக்கு உரியதன்று.

9. தடையும் விடையும்

தடை: இவ்வளவு தொல்லை எதற்கு? பிஎம்எக்ஸ் வாங்கினால் போதாதா? பெடல் சுற்றாமலே பின்னோக்கி உருளும் ஹப்பு அதற்குக் கிடைக்கிறதே?

விடை: கிடைக்கிறது. அதனால்தான் அங்கே ஆய்வுக்கு இடமில்லை. காலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றானபின் கால் எங்கே இருக்கிறது என்ற கேள்வி செத்துவிடுகிறது. ஃபிக்ஸட் வித்தையின் சுவை முழுவதும் கால் மாட்டிக்கொண்டிருப்பதில் இருக்கிறது.

தடை: கலை சைக்கிளோட்டத்தில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்றீர். 26 அங்குலச் சக்கரத்தோடு பெருக்கினால் 26 அங்குலம்தான் வருகிறது. 55 எங்கே போயிற்று?

விடை: நல்ல கேள்வி. உள்ளரங்கத் தரையில் தாண்ட மேடை இல்லை, இறங்கப் படிக்கட்டு இல்லை. அங்கே வேண்டியது நடைவேகத்தில் தடுமாறாத வட்டம். கால் தன் நீளத்தை மட்டும் பார்க்காது, தரையின் நீளத்தையும் பார்க்கும். தெருவுக்கு 55, அறைக்கு அதில் பாதி. இதனால் கருதுகோள் வலுப்பெற்றதே அன்றித் தளரவில்லை. எந்தத் தரவு வந்தாலும் வலுப்பெறும்படி கருதுகோளை அமைப்பது ஆய்வாளர் கடமை.

தடை: கடையில் என்ன பல் இருக்கிறதோ அதைத்தானே எல்லாரும் மாட்டுகிறார்கள்?

விடை: இத்தடைக்கு விடை கூறுவது ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

10. முடிவுகளும் பரிந்துரையும்

ஒன்று. தெருவில் வித்தை கற்க வருபவர் 26 அங்குலச் சக்கரத்தோடு ஏறத்தாழ 2.1-க்கும் 2.3-க்கும் இடைப்பட்ட விகிதத்தில் தொடங்கலாம். மேட்டுப்பாங்கான ஊர்க்காரர் கீழெல்லையை நாடுக. நீண்ட படிக்கட்டுகள் மேல் கண் வைத்தவர் மேலெல்லையை நாடுக.

இரண்டு. சின்ன பல் 13 ஆக இருந்தால் நலம். பெரிய பல் 26-உம் 39-உம் ஆகாதிருக்க.

மூன்று. இருகாலிலும் ஸ்கிட் அடிப்பவர் ஒற்றைப்படைப் பெரிய பல்லைத் தேர்க. ஒரே காலில் அடிப்பவர் 27-க்கும் 28-க்கும் நடுவே சண்டையிட வேண்டாம். அவருக்கு இரண்டும் ஒன்றே.

நான்கு. கிராங்கை மாற்றியவர் பல்லையும் மறுபடி கணக்கிடுக. 165-லிருந்து 175-க்குப் போவது காலுக்கு ஒன்றரைப் பல் குறைத்தது போன்றது.

ஐந்து. இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று செய்ய வேண்டும். லேசான மேட்டில் முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, இரு பெடலையும் இணையாக வைத்து, கால் ஊன்றாமல் நிற்கப் பழகுக. பலமுறை முயன்றால் ஒரு கால் தானாகவே முன்னே போய் நிற்கத் தொடங்கும். எழுதும் கைக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. இடக்காலா வலக்காலா என்பதை உடம்பு தனியாக முடிவு செய்துகொள்ளும். அந்தக் கால் எது என்று தெரிந்தபின் ஸ்கிட் தடங்களின் எண்ணிக்கை, மேடைக்கு முன் புறப்படும் இடம், ஃபேக்கியில் தலையைத் திருப்பும் தோள் எல்லாம் வரிசையாக வந்து சேரும். அது தெரியும் வரை, வண்டியோடு வந்த பல் எதுவானாலும் மாற்றாமல் ஓட்டுக.